பக்கத்துத் தோட்டத்துக்காரரும் கேட்பார்: ஊர் வானொலிக்கு அரைமணி நிகழ்ச்சி செய்யும் முறை

போன மாதம் கல்லூரிச் சமுதாய வானொலியிலிருந்து இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளகோவிலில் பஸ் இறங்கி உச்சி வெயிலில் நடந்து வந்திருந்தார்கள். கையில் ஒரு தாள். அதில் ‘நொய்யல்’ என்று ஒரே சொல். அரைமணி நிகழ்ச்சிக்குத் தலைப்பாம். வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவையும் திருப்பூரும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் ஆறு அது. மோர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, “அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டேன். இல்லை. “அணைக்குக் கீழே தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடமாவது பேசினீர்களா?” அதுவும் இல்லை. “அப்படியானால் ஆற்றை விட்டுவிடுங்கள். ஒரு கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

அன்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வானொலியில் நிரந்தர வேலை பார்த்தவள் அல்ல. 22 வருடம் தற்காலிகத் தொகுப்பாளர். கூப்பிட்ட நாளில் போவேன். கூப்பிடாத நாளில் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுப்பேன். பெண்கள் நிகழ்ச்சி, பண்ணை நிகழ்ச்சி, கிராமியக் கலை என்று எதைக் கொடுத்தாலும் செய்தேன். இப்போது சமுதாய வானொலிப் பிள்ளைகள் அழைத்தால் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன்.

கருவியை வாங்குவதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சமுதாய வானொலிகள் பெரும்பாலும் 50 வாட் ஒலிபரப்பியில் நடப்பவை. கோபுரம் 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. நிலத்தின் மேடு பள்ளத்தைப் பொறுத்து 5 முதல் 10 கிலோமீட்டர் வரை கேட்கும். கோவை வானொலி 1966 முதல் மத்திய அலையில் கொங்கு நாடு முழுக்கக் கேட்கிறது என்றாலும், அங்கேயும் கணக்கு ஒன்றுதான்: உங்கள் நிகழ்ச்சியில் பேசுகிறவரைத் தெரிந்தவர்கள்தாம் கேட்பவர்கள். அவருடைய பங்காளி கேட்பார். அவருக்குக் கடன் கொடுத்தவர் கேட்பார். வாய்க்கால் தண்ணீருக்காக அவரோடு பேச்சை நிறுத்திய பக்கத்துத் தோட்டத்துக்காரரும் கேட்பார். சென்னையில் இருப்பவர்களுக்கு அது வெறும் ‘ஒரு விவசாயியின் குரல்’. இங்கே அது இன்னாருடைய குரல், இன்ன தோட்டத்துக் குரல். கீழே நான் சொல்லும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருபவை.

தலைப்பு

தலைப்பு ஒரு இட்டேரி அளவுக்கு ஒடுங்க வேண்டும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற வழி, அவ்வளவுதான். ‘கொங்கு நாட்டுக் கால்நடைகள்’ தலைப்பு ஆகாது. ‘இந்தக் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில்) கொழுக்கட்டைப் புல் குறைந்தது ஏன்’ என்பது தலைப்பு. ‘நீர் மேலாண்மை’யும் ஆகாது. அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் என்பது திட்டம். அந்த 1,045-இல் உங்கள் ஊர்க் குட்டையும் ஒன்றா? தண்ணீர் வந்ததா? வந்த அன்று முதலில் பார்த்தது யார்? பக்கத்துக் கிணற்றில் எத்தனை அடி ஏறியது? அரைமணிக்கு இதுவே அதிகம்.

இன்னொன்று. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரித்துப் போட விதி இடம் தருவதில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். திருவிழா, வானிலை, மின்தடை, தேர்வு, தண்ணீர் வரும் நேரம் போன்ற உள்ளூர்த் தகவல்களைத் தாராளமாகச் சொல்லலாம். அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி நெறிகள் உங்களையும் கட்டும்: மதத்தையோ சமூகத்தையோ தாக்கக்கூடாது, அவதூறு கூடாது. இதைக் கேட்டதும் பிள்ளைகள் முகம் வாடிவிடுகிறது. வாட வேண்டியதில்லை. அதே விதிதான் நிகழ்ச்சியில் பாதிக்குக் குறையாமல் உள்ளூர் மக்களைக் கொண்டு தயாரிக்கச் சொல்கிறது; கூடியவரை உள்ளூர்ப் பேச்சு வழக்கிலேயே இருக்கச் சொல்கிறது. எந்தப் பெரிய நிலையத்துக்கும் இப்படி ஒரு கட்டளை கிடையாது.

முதல் தடவை வெறுங்கையோடு போங்கள்

மைக்கைப் பையில்கூட வைத்துக்கொள்ளாதீர்கள். வாசலில் நின்று “ஏனுங்க” என்று குரல் கொடுங்கள். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் வரும். குடியுங்கள். எந்த வளவிலும் எந்த வீட்டிலும் கொடுத்ததைக் குடியுங்கள். நீங்கள் குடித்தீர்களா, சும்மா கையில் பிடித்திருந்தீர்களா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தை வரும். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் சாதி இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஊரைச் சொல்லுங்கள், வானொலியைச் சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

அந்தத் தடவை மூன்றே விஷயம் குறித்துக்கொண்டால் போதும். யார் நன்றாகப் பேசுகிறார், யார் பேசாமல் மூலையில் இருக்கிறார், அந்த இடத்தில் என்னென்ன சத்தம் கேட்கிறது. இரண்டாவது ஆளைத்தான் நான் எப்போதும் தேடிப் போவேன். நன்றாகப் பேசுகிறவர் ஏற்கெனவே பத்து மேடையில் பேசியிருப்பார்.

மைக் தமிழ்

மைக்கைப் பார்த்ததும் நம் ஊர்க்காரர்கள் வேறு ஆளாகிவிடுகிறார்கள். வீட்டில் வாய் நிறைய ‘ங்க’ போட்டுப் பேசுகிறவர் “அனைவருக்கும் எனது அன்பான வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்” என்று தொடங்குவார். குரல் அரைக் கட்டை ஏறும். அதை நிறுத்தச் சொல்லாதீர்கள், மனிதர் சுருங்கிவிடுவார். முழுக்கப் பேசவிட்டு, “நல்லதுங்க” என்று சொல்லிவிட்டு, கருத்து கேட்காமல் செய்முறை கேளுங்கள். ‘பாரம்பரியம் அழிவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்’ என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும். ‘சந்தகைக்கு (அரிசிச் சேவைக்கு) அரிசியை எவ்வளவு நேரம் ஊற வைப்பீர்கள், அந்தக் கட்டையை அமுக்க இரண்டு பேர் வேண்டுமா’ என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு தானாக அடுப்படிக்கு இறங்கிவிடும். மாமியாருக்கும் மருமகளுக்கும் உள்ள கதை மூன்றாம் நிமிடத்தில் வரும்.

தறிக்காரரிடமும் இப்படித்தான். ‘விசைத்தறித் தொழிலின் நெருக்கடி’ என்று தொடங்காதீர்கள். பாவு (தறியில் ஏற்றும் நீள நூல்) எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, மீட்டருக்குக் கூலி என்ன, நேற்று இரவு எத்தனை தடவை நூல் அறுந்தது, இதைக் கேளுங்கள். நெருக்கடி அதற்குள்ளேயே இருக்கும்.

இன்னொரு தந்திரம் உண்டு. அது தந்திரமா, நேர்மைக் குறைவா என்று எனக்கே பல நாள் சந்தேகம். பேட்டி முடிந்தது என்று சொன்னதும் எல்லோரும் மூச்சு விட்டு, உண்மையைப் பேசத் தொடங்குவார்கள். கருவியை அணைக்காமல் வைத்தால் கிடைப்பதெல்லாம் பொன். நான் அப்படி எடுத்திருக்கிறேன். ஆனால் எடுத்ததைச் சொல்லாமல் ஒருபோதும் போட்டதில்லை. “ஐயா, கடைசியில் சொன்னீர்களே, அதுவும் பதிவாகியிருக்கிறது, போடலாமா?” என்று கேட்பேன். பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நீங்கள் பஸ் ஏறிப் போய்விடுவீர்கள். அவர் அந்த டீக்கடைக்கு நாளைக்கும் போக வேண்டும்.

‘ங்க’ எங்கே போனது?

இதை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு ஊர் நோம்பியை, அதாவது கோயில் திருவிழாவைப் பற்றி நிகழ்ச்சி செய்தேன். கோயில் நிர்வாகத்துப் பண்ணையக்காரர் ஒருவர் பேசினார், தப்பு என்னும் பறை அடிக்கும் பெரியவர் ஒருவரும் பேசினார். ஒலிபரப்பாகி ஒரு வாரத்தில் ஓர் அஞ்சலட்டை வந்தது. கையெழுத்து இல்லை. இரண்டே வரி: பண்ணையக்காரரிடம் “சொல்லுங்க” என்று கேட்டீர்கள், தப்புக்காரரிடம் “சொல்லு” என்று கேட்டீர்கள். அவர் உங்கள் அப்பாரு (தாத்தா) வயது.

ஒலிநாடாவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அட்டையில் இருந்தது உண்மை. நான் யோசித்துச் சொன்னதில்லை. எங்கள் தோட்டத்தில் சின்ன வயதிலிருந்து காதில் விழுந்து நாக்கில் ஒட்டியது. பத்திரிகையில் எழுதினால் அந்த ஒருமை தெரியாமலே போயிருக்கும். எழுதும்போது நாம் திருத்திக்கொள்வோம். வானொலியில் அப்படியே போய்விடும். பிறகு அந்தப் பெரியவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். “அதை விடுங்க அம்மணி, எந்த அடிக்கு எந்தச் சாமி வரும் என்று நீங்கள் கேட்கவே இல்லையே” என்றார். அதைக் கேட்டுத் தனியாக ஒரு நிகழ்ச்சி செய்தேன்.

ஆகவே பதிவு முடிந்ததும் உங்கள் கேள்விகளை மட்டும் தனியே போட்டுக் கேளுங்கள். யாரை எப்படி அழைத்தீர்கள், யாருடைய பேச்சில் குறுக்கே புகுந்தீர்கள், யாருக்கு எத்தனை நிமிடம் கொடுத்தீர்கள். பெண்களின் பேச்சில்தான் நாம் அதிகம் குறுக்கே பாய்கிறோம், பெண்ணாகிய நானும்தான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூருக்கு வேலைக்கு வந்த பிள்ளைகளிடம் பேசும்போதும் இதைக் கவனியுங்கள். அவர்கள் தமிழ் தப்பும் தவறுமாக இருப்பதால் நம் வாயில் உடனே ‘நீ’ வந்து நிற்கிறது.

காற்று, தறி, துண்டு

கருவி பெரிய செலவில்லை. நல்ல போன் போதும். தனியாக ஒரு சிறு மைக்கும் காதை மூடும் ஹெட்போனும் வாங்கிக்கொள்ளுங்கள். ஹெட்போன் போடாமல் பதிவு செய்வது சோற்றை ருசி பார்க்காமல் பந்திக்கு அனுப்புவதுபோல. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராகப் பிடித்தால் ‘ப’ வரும்போதெல்லாம் வெடிக்கும். சுருக்காத வேவ் (WAV) கோப்பு வடிவத்திலேயே பதிவு செய்யுங்கள்.

நம் பக்கத்துப் பெரிய எதிரி காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று அடித்துத் தள்ளும். அந்தக் காற்றை நம்பித்தான் அத்தனை காற்றாலைகளும் நிற்கின்றன. அந்த மாதங்களில் வெட்டவெளியில் நின்று பேட்டி எடுக்காதீர்கள். மைக்குக்குக் கம்பளிக் காலுறை ஒன்றை மாட்டி, வீட்டின் கிழக்குச் சுவர் ஓரமாக உட்காருங்கள். நிறுத்திய காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசினால் ஸ்டூடியோ மாதிரியே இருக்கும்.

தறிக் கொட்டகைக்குள் பேட்டி வேண்டாம். பேச்சை வெளியே எடுங்கள். தறிச் சத்தத்தைத் தனியாக இரண்டு நிமிடம் எடுங்கள். தறி நிற்கும் கணத்தைத் தவறாமல் எடுங்கள். மின்சாரம் போய் முப்பது தறி ஒன்றன்பின் ஒன்றாக அடங்குகிற அந்தச் சில நொடி, மின்வெட்டைப் பற்றிப் பத்துப் பேர் பேசுவதற்குச் சமம். எங்கே போனாலும் யாரும் பேசாத வெறும் சூழலை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டும்போது இடைவெளிக்கு அது தேவைப்படும்.

வள்ளி கும்மியை வட்டத்துக்கு வெளியே நின்று எடுத்தால் ஒலிபெருக்கிச் சத்தம்தான் கிடைக்கும். கும்மி ஆசிரியரிடம் கேட்டுவிட்டு வட்டத்தின் நடுவில் போய் நில்லுங்கள். கைதட்டும் காலடியும் சுற்றிச் சுற்றி வரும். 2024-இல் பத்மஸ்ரீ பெற்ற கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பன், ஆண்களே ஆடிவந்த கும்மிக்குப் பெண்களைக் கொண்டுவந்தவர். அந்த மாற்றம் உங்கள் ஊர்க் குழுவில் எந்த வருடம் வந்தது, யார் முதலில் சம்மதித்தார்கள், யார் முகத்தைத் திருப்பினார்கள் என்று கேட்டால் பாட்டும் சமூகமும் ஒரே நிகழ்ச்சிக்குள் வந்துவிடும். ‘கலை நிகழ்ச்சி’, ‘சமூக நிகழ்ச்சி’ என்று அலுவலகங்கள் போட்டுக்கொள்ளும் பிரிவில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை.

அண்ணன்மார் கதைக்கு, அதாவது பொன்னர் சங்கர் கதைப் பாட்டுக்குப் போனால் உடுக்கையை விட்டு விலகி, பாடுகிறவர் வாயருகே மைக்கை வையுங்கள். உடுக்கையின் கூர்மை பாட்டை விழுங்கிவிடும். எங்கள் பக்கத்து ஓலப்பாளையத்தில் 1960-களின் நடுவில் தங்கியிருந்த கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக், அந்தக் கதையை முழுக்க ஒலிநாடாவில் பதிவு செய்தார். இரவு இரவாகச் சொல்லப்படும் கதை அது; அத்தனை இரவும் உட்கார்ந்தார். நாம் பதினைந்து நிமிடத்தில் ‘சுருக்கமாகப் பாடுங்கள்’ என்கிறோம். சுருக்கச் சொல்லாதீர்கள். ஒரே ஒரு இடத்தை எடுத்து முழுதாகப் பாடச் சொல்லுங்கள். வீரர்கள் மடியும் படுகளம் விழும் இடத்தில் மட்டும், பெரியவர்கள் சரி என்று சொன்னாலொழிய மைக்கை நீட்ட வேண்டாம்.

சத்தமே இல்லாத விஷயமும் உண்டு. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காங்கயம் காளைக்கு விலை பேசும் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். வாயே திறக்க மாட்டார்கள். வானொலிக்காரி அங்கே என்ன செய்வது? நான் முதலில் கழுத்து மணியை எடுத்தேன். பிறகு வயதான தரகர் ஒருவரை ஓரமாக உட்கார வைத்து, என் விரலையே பிடித்துக் காட்டிச் சொல்லச் சொன்னேன். ‘இது ஒன்று, இப்படி மடக்கினால் பாதி, இதை அழுத்தினால் முடிந்தது’ என்று அவர் சொல்லச் சொல்ல, நான் தப்பாகப் பிடிப்பதும் அவர் சிரிப்பதும் பதிவானது.

குரலை மறைக்க முடியாது

நூற்பாலை ஒன்றில் விடுதியில் தங்கி வேலை பார்த்த ஒரு பெண், கல்யாணத்துக்கு மொத்தமாகத் தருவதாக ஆலை சொன்ன பணம் வரவில்லை என்று என்னிடம் பேசினாள். பெயரை மாற்றினேன். ஊரைச் சொல்லவில்லை. ஆலையையும் சொல்லவில்லை. எல்லாம் சரியாகச் செய்தேன் என்று நிம்மதியாக இருந்தேன். ஒலிபரப்பான மறுநாள் காலை அவள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் அப்பா என்னிடம் கோபப்படவில்லை; “நீங்கள் படித்தவர்கள், இது உங்களுக்குத் தோன்றவில்லையா?” என்று மட்டும் கேட்டார்.

பெயரை மாற்றுவது நகரத்துப் பத்திரிகையின் வழக்கம். ஊர் வானொலிக்கு அது போதாது. அப்படிப்பட்ட விஷயத்தை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, வேறு ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். படிப்பவர் வேறு என்பதை நிகழ்ச்சியிலேயே சொல்லிவிடுங்கள். அவருடைய பழக்கச் சொற்கள், ‘அக்காவுக்கு இரட்டைப் பிள்ளை’ மாதிரியான அடையாளங்களை எடுத்துவிடுங்கள். அல்லது ஒரே நிலையில் இருக்கும் ஐந்தாறு பேரிடம் கேட்டுப் பொதுவாகச் சொல்லுங்கள். பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தை என்றால் உங்கள் விருப்பத்துக்கே இடமில்லை. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு பெயர், முகவரி, பள்ளி, குடும்பம் மட்டுமன்றி அக்கம்பக்கத்தைக்கூடச் சொல்லக்கூடாது என்கிறது.

இரண்டு பக்கமும் அண்டை வீட்டார் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 124 மைல் நீள வாய்க்கால். 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். கடைமடைக்காரர் தண்ணீர் வந்து சேரட்டும் என்கிறார். கசிவு நீரை நம்பிக் கிணறு வைத்திருப்பவர் கான்கிரீட் வந்தால் கிணறு வற்றும் என்கிறார். இரண்டு பேரும் ஒரே கல்யாணப் பந்தியில் உட்காருகிறவர்கள். ஆளுக்குச் சம நிமிடம் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒருவர் சொன்னதை மற்றவருக்குப் போட்டுக் காட்டுங்கள்; பதிலைப் பதிவு செய்யுங்கள். பிறகு வாய்க்கால் மேட்டில் நடந்து, நீங்களே பார்த்ததை மட்டும் உங்கள் குரலில் சொல்லுங்கள்.

எழுதுவதும் வெட்டுவதும்

அரைமணி என்றால் கையில் 27, 28 நிமிடம்தான். அறிவிப்புக்கும் நிலைய இசைக்கும் மீதி. அதில் உங்கள் குரல் ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டினால் வாக்கியத்தை உடையுங்கள். ஆடாசிட்டி என்ற கணினி மென்பொருள் இலவசம், வெட்டி ஒட்ட அது தாராளம். நாங்கள் பிளேடால் நாடாவைச் சாய்வாக அறுத்து ஒட்டிய காலத்தில், வெட்டுவதற்கு முன் பத்துத் தடவை யோசிப்போம். இப்போது விரல் பட்டால் போதும் என்பதால் பிள்ளைகள் மூச்சையெல்லாம் வெட்டிவிடுகிறார்கள். மூச்சையும் யோசிப்பையும் விட்டுவையுங்கள்.

எண்ணை இரண்டு பேரிடம் சரி பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்தது. வானொலியில் கேட்டு விதைத்தார்கள். வானொலியில் சொன்னதை அப்படி நம்புகிற மக்கள். மருந்து அளவில் ஒரு பூஜ்யம் கூடினால் அது நேராக வயலுக்குப் போகும். மஞ்சள் விலை சொன்னால் விரலி மஞ்சளா கிழங்கு மஞ்சளா என்று சொல்லாமல் விடாதீர்கள். ஊர்ப் பெயரை அந்த ஊர்க்காரர் சொல்கிற மாதிரியே சொல்லுங்கள்; பாளையமா, பாளையம்புதூரா என்பதில் தப்பினால் அந்த ஊரே கேட்பதை நிறுத்திவிடும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஊர், தேதி, விஷயம் மூன்றையும் எழுதுங்கள். சமுதாய வானொலி ஒலிபரப்பியதை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் அதற்கு மேலும் வைத்திருங்கள். என் பெட்டியில் ‘உடுக்கை, நல்லது’ என்று மட்டும் எழுதிய ஒரு கேசட் இருக்கிறது. பாடியவர் யார், எந்த ஊர் என்று இன்றுவரை எனக்கு நினைவு வரவில்லை.

முந்தைய நாள் மாலை, பேசிய ஒவ்வொருவருக்கும் போன் செய்து நேரத்தையும் அலைவரிசையையும் சொல்லுங்கள். ஒலிபரப்பான மறுநாள் காலை அந்த ஊர் டீக்கடைக்குப் போய் ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். எப்படி இருந்தது என்று நீங்களாகக் கேட்க வேண்டாம். முதல் கால்மணி நேரம் மழையைப் பற்றியும் மாட்டு விலையைப் பற்றியும் பேசுவார்கள். அப்புறம் ஒருவர், “அந்தக் குட்டைக்கு நீங்கள் சொன்ன பேர் அது இல்லைங்க” என்று தொடங்குவார். நோட்டை எடுத்துக்கொண்டு போயிருங்கள்.